வெர்னாவின் நாற்பத்து மூன்று மைல்

வெர்னா ஹோல்ட்காம்ப் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிய ஆளில்லை. எங்கள் ஹால்வர் ஊர்க் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டுகள். கழுவும் எந்திரம் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லிவிடுவாள். நான் அந்தக் கட்டடங்களின் பாய்லர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பட்டம் வாங்கிய பொறியாளர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் காது அவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

புருஷன் டுவேன் செத்துப் பதினோரு வருஷம். பிள்ளைகள் இல்லை. மேப்பிள் தெருவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருபது வருஷம் இருந்தாள். வீட்டுக்காரர் அதை விற்றார். வாங்கியவன் ஆறு மாணவர்களை உள்ளே விட்டு, அறைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறான். சாப்பாட்டறையில்கூட இப்போது கட்டில் கிடக்கிறது. அவன் ஒரு அறைக்கு வாங்குவதை வெர்னா முழு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் வேறு இடம் தேடினாள். எல்லாத் தெருவிலும் இதே கதை. கடைசியில் நாற்பத்து மூன்று மைல் தள்ளி ப்ரூஸ்டரில் ஓர் இடம் பிடித்துப் போனாள்.

இது சர்ச்சில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து வழக்கமான இடத்தில் காரை நிறுத்துவாள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவள்போல் கதவைத் திறந்து விளக்குப் போடுவாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் "கொஞ்சம் புகை, வேறொன்றுமில்லை" என்பார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒரு அக்டோபர் காலையில். சாப்பாட்டுக் கூடத்தின் அடித்தளத்தில் ஒரு வால்வை மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு மேல்தளத்தில் எந்திரம் ஓடத் தொடங்க வேண்டும். ஓடவில்லை. ஆறாயிற்று, ஏழாயிற்று. ஏழரைக்கு வெர்னா வந்தாள். முழங்கால் வரை சேறு. இருபத்தாறு வருஷத்தில் அவள் தாமதமாக வந்தது அன்றுதான்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதலில் டயர் என்றாள். டயரில் சேறு இருக்கும், முழங்காலில் எப்படி வந்தது என்றேன். அப்புறம் பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலணியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் கண் மொத்தமாக வெளுத்துவிட்டது. மறுபடி தெரிந்தபோது இரண்டு பக்கமும் சோளம். நெடுஞ்சாலை என்று நினைத்து யாரோ ஒருவருடைய வயல்பாதையில் அரை மைல் போயிருந்தாள். இறங்கித் தடவிப் பார்த்தாள், பள்ளத்தில் விழுந்தாள். விடியும் வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணின் பின்பக்கத் திரை தேய்ந்துகொண்டு வருகிறதாம். பகலில் கழுகுப் பார்வை, இருட்டில் ஒன்றுமில்லை. மருந்தோ அறுவையோ கிடையாது. அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பகலில் மட்டும் ஓட்டலாம் என்றுதான் எழுதித் தருவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஒன்றரை வருஷம் இருந்தது. ஐந்து மணி வேலைக்கு ப்ரூஸ்டரிலிருந்து பகலில் வர முடியாது. முழு பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் போக வேண்டும்.

"அப்ப என்ன பண்ணப் போற?" என்றேன்.

"மரக்கடை இடத்துல கட்டப்போறாங்களே, அதுல பேர் கொடுத்திருக்கேன். ஏழாவது பேரு."

பழைய மரக்கடை இருந்த காலிமனையைத்தான் சொன்னாள். எங்கள் சர்ச்சுக்கு எதிர்ப்புறம், கல்லூரிக்கு நடக்கிற தூரம். அங்கே ஐந்து மாடி, எண்பத்து நாலு வீடுகள் கட்ட ஒரு கம்பெனி நகரசபையிடம் அனுமதி கேட்டிருந்தது. அதில் இருபது வீடுகளை ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கு, சம்பளத்துக்குத் தகுந்த வாடகையில் ஒதுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இருபதில் ஒன்றைத்தான் வெர்னா நம்பியிருந்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்றேன், ஆதரவாப் பேசுவாங்க."

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே, டீட்ஸ். பிரார்த்தனைப் பட்டியல்ல என் பேரை ஏத்தி சர்ச்சுல எல்லார் முன்னாடியும் வாசிச்சிடுவாங்க. கேக்கும் கையுமா வீட்டுக்கு வருவாங்க."

சொல்வதில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை அவளே அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். கையில் செய்தித்தாள். மடித்த பக்கத்தை என் கருவிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"உன் பேரு பேப்பர்ல வந்திருக்கு" என்றாள். "வாழ்த்துகள்."

படித்தேன். மரக்கடை மனையைச் சுற்றி இருநூறு அடிக்குள் நிலம் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பு மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்கு உரியவர்கள் கையெழுத்திட்டுவிட்டால், நகரசபையில் ஏழு பேரில் நாலு ஓட்டு போதாது, ஆறு வேண்டும். ஐந்து பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு என்பது ஊருக்கே தெரியும். மனு அந்த அளவைத் தாண்டிவிட்டது. தாண்ட வைத்தது எங்கள் சர்ச்சின் பார்க்கிங் இடம். வட்டத்திலேயே பெரிய நிலம் அது. சர்ச் சார்பில் கையெழுத்திட்டவர், சொத்துக் குழுத் தலைவர் ஆர்லின் டீட்ஸ். அதாவது நான்.

எனக்கு நினைவே இல்லை. நாள் முழுக்க யோசித்துத்தான் பிடித்தேன்.

ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி உண்டு. காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தாள், அதன்மேல் ஒரு பேனா. சாவுச் சாப்பாட்டுக்கு யார் கேக் கொண்டுவருவது, நடைபாதையில் யார் பனி வாருவது, யார் புல் வெட்டுவது, எல்லாம் அந்தத் தாளில்தான். அதை நின்று படிக்கிறவன் வேலைக்குப் பயப்படுகிறான் என்று அர்த்தம். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காபி ஊற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. என் அப்பா அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் பதவி என்று ஒரு கட்டம் இருந்தது. பனி வாரும் எந்திரம் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள்போல என்று நினைத்து சொத்துக் குழுத் தலைவர் என்று எழுதினேன். இனிப்பு ரொட்டி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் அடுத்த கட்டத்தைப் பார்க்கவில்லை.

தாளை வைத்தவர் புரொபசர் ஆல்டன் ஃபிட்ச். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மரக்கடை மனையை ஒட்டி வீடு. நல்ல மனிதர்தான். அவர் வீட்டுக் கூரையில் ஒரு செப்டம்பர் இரவு நாலு மாணவர்கள் ஏறி உட்கார்ந்து பீர் குடித்திருக்கிறார்கள். அவர் மனைவியின் ரோஜாப் பாத்தியில் ஒருவன் வாந்தி எடுத்திருக்கிறான். இன்னும் இருநூறு பேர் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று அவர் பயந்ததில் தப்பில்லை. தாளின் தலைப்பில் அவர் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தார். படிக்காதது நான்.

அவரிடமே முதலில் போனேன். கையெழுத்தைத் திரும்ப எடுக்கப்போகிறேன் என்றேன். படிக்காமலா போட்டீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாற்பது வருஷம் மாணவர்களிடம் கேட்டு அலுத்துப்போன பதிலைக் கேட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, மறுப்பு எழுத எனக்கும் உரிமை உண்டு என்றார்.

நகரசபை அலுவலகத்தில் மனுக்களைப் பார்க்கும் கொரின் என்ற பெண்ணும் அதையேதான் சொன்னாள். நான் ஒருவன் மட்டும் விலகினால், ஃபிட்ச் மறுப்பார், வக்கீல் பார்க்க வேண்டும், திங்கட்கிழமைக் கூட்டம் அதற்குள் முடிந்துவிடும். சொத்துக் குழுவில் மூன்று பேர். இருவர் கையெழுத்திட்ட கடிதம் திங்கள் நண்பகலுக்குள் வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது.

மூன்று பேர் என்றால் நான், ஃபிட்ச், அப்புறம் மிஸஸ் அயோன் புஷ்மன்.

மிஸஸ் புஷ்மனுக்கு எண்பத்திரண்டு வயது. ஞாயிறு பள்ளியில் எனக்குப் பாடம் சொன்னவர். வெள்ளிக்கிழமை காலை அவர் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். பூசணி ரொட்டி வெட்டிக் கொடுத்தார். கடிதத்தை எடுத்து வைத்தேன். தொடக்கூட இல்லை.

ஐந்து மாடி எழுந்தால் சர்ச்சின் மேற்குப் பக்க வண்ணக் கண்ணாடி ஜன்னலில் வெயில் விழாது என்றார். அந்த ஜன்னல் அவருடைய மாமனார் கொடுத்தது. கல்லூரியில் ஃபுட்பால் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் எங்கள் பார்க்கிங் இடத்தைக் காருக்கு இவ்வளவு என்று விடுகிறோம், இளைஞர் குழுவின் பயணச் செலவு அதிலிருந்துதான் வருகிறது. எண்பத்து நாலு வீட்டுக்காரர்களும் இனி அங்கேதான் காரைச் சொருகுவார்கள் என்றார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிழல் இவ்வளவுதான் விழும், கட்டடத்துக்கு அடியிலேயே கார் நிறுத்த இடம் வைக்கிறார்கள், ஊருக்கு வீடு வேண்டும் என்றெல்லாம். ஒரு மணி நேரம் பேசினேன். வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை.

"ஆர்லின், போன மாசம் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டே, இந்த மாசம் ஆதரிச்சுப் போடச் சொல்றே. நடுவுல என்ன நடந்துச்சு? அதைச் சொல்லு."

சொல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன். படிக்காமல் போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"நீ அப்பவே அப்படித்தான். பத்துக் கட்டளையில ஏழைச் சொல்லிட்டு, முடிஞ்சிடுச்சுன்னு உக்காந்தவன் நீ" என்று சொல்லி என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் வெர்னாவிடம் நடந்ததைச் சொன்னேன். எந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். சரி என்றாள். அவ்வளவுதான். போகும்போது, ப்ரூஸ்டரில் ஒரு முட்டைப் பண்ணையில் பகல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்றாள். அவள் அதை அழாமல், அலுக்காமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை ஓர்வில் நீபுரின் அடக்கம். உள்ளூரில் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில் எங்கள் ஊரில் யாரையும் புதைப்பதில்லை, கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த வாரம் ஆட்டம் வெளியூரில். ஓர்வில் பெரிய விவசாயி, நூற்று நாற்பது பேர் வந்தார்கள். பன்றியிறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், பச்சை ஜெல்லி. சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல வெர்னா தொட்டியில் கழுவினாள், மிஸஸ் புஷ்மன் துடைத்தார். முப்பது வருஷமாக எந்தச் சாவுக்கும் இவர்கள் இருவர்தான். தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது நான்கு காலணிகள் மட்டும்.

மிஸஸ் புஷ்மன் பேச்சுவாக்கில் திங்கள் மத்தியானம் சர்ச்சுக்கு வர முடியுமா என்று கேட்டார். திராட்சரசக் கிண்ணங்களைத் தேய்க்க வேண்டுமாம்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில எட்டிப் பாத்தாப் போதும். இங்கேருந்து மேப்பிள் தெரு நாலு எட்டுதானே உனக்கு."

தட்டு தேய்க்கிற சத்தம் நின்றது.

"நான் மேப்பிள் தெருவுல இல்லை, மிஸஸ் புஷ்மன். மூணு வருஷம் ஆகப்போகுது."

"பின்னே எங்க இருக்கே?"

"ப்ரூஸ்டர்ல."

"ப்ரூஸ்டர்ல இருந்தா தினமும் வர்றே? காலைல அஞ்சு மணிக்கு?"

"ஆமா. இப்ப இருட்டுல கண் தெரியறதில்லை. போன வாரம் சோளக்காட்டுக்குள்ள காரை விட்டுட்டேன்." ஒரு தட்டை அடுக்கில் வைக்கிற சத்தம். அப்புறம், "எதிர்ல கட்டப்போற வீட்டுல ஒண்ணுக்குப் பேர் கொடுத்திருக்கேன். அந்த மனுவுல சர்ச் பேரு இருந்தா அது நடக்காது. எனக்கு அந்த வீடு வேணும்."

முப்பது வருஷமாக வெர்னாவைத் தெரியும். வேணும் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். குழாய் கையில் இருந்தது, திருகாமல் அப்படியே கிடந்தேன்.

மிஸஸ் புஷ்மன் கையிலிருந்த தட்டைத் துடைத்து வைத்தார்.

"நேத்து இவன் என் வீட்டுல உக்காந்து நிழலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினான். இதைச் சொல்லலை."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். பிரார்த்தனைப் பட்டியல்ல போட்டுடுவீங்க."

"போட்டிருப்பேன்தான்" என்றார் மிஸஸ் புஷ்மன். பிறகு காலணியின் முனையால் என் காலைத் தட்டினார். "வெளிய வா. கடுதாசி வச்சிருக்கியா?"

பின்பாக்கெட்டில் இருந்தது, ஒரு மூலை நனைந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். நான் சொல்லித் தரவேண்டிய தேவையே இல்லை, மூன்று பத்தியையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான் படிக்கிறேன் பார் என்று காட்டுவதற்காகவே மெதுவாகப் படித்தார் என்று நினைக்கிறேன். ஜெல்லிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஜன்னல் என்னாகும்?" என்று கேட்டது வெர்னாதான்.

"அதுல வெயில் விழறது மூணு மணிக்கு. அந்த நேரத்துல சர்ச்சுல யாரு இருக்கா? நானும் தூசியும்தான்."

திங்கள் காலை எட்டு மணிக்கே கொரினின் மேஜையில் கடிதத்தை வைத்து முத்திரை குத்த வைத்தேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போய், குத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். அன்று மாலை கூட்டத்தில் ஃபிட்ச் நன்றாகவே பேசினார். ரோஜாப் பாத்தியைப் பற்றிச் சொன்னபோது எதிர்த்தரப்பில் இருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். வெர்னா கடைசி வரிசையில் வேலைக் காலணியோடு உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. பேச வேண்டியதை ஏற்கெனவே பேசியாயிற்று. ஓட்டு ஐந்துக்கு இரண்டு. நாலு போதும் என்று ஆகிவிட்டதால் அனுமதி கிடைத்தது. அவள் மூச்சை விட்டது முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. என் மூச்சும் கேட்டிருக்கும்.

வெளியே இருட்டிவிட்டிருந்தது. காருக்குப் போன வெர்னாவின் கையிலிருந்து மிஸஸ் புஷ்மன் சாவியை வாங்கிக்கொண்டார். கட்டி முடிக்கிற வரைக்கும் என் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, வார நாளில் இங்கே படு, சனி ஞாயிறு பகலில் உன் ஊருக்குப் போ என்றார். நிரந்தரமாக இருக்கச் சொல்லவில்லை. தன் காலத்துக்குப் பிறகு அரிசோனாவில் இருக்கும் மகன் அந்த வீட்டையும் எவனுக்காவது விற்பான், அவனும் அறை அறையாக வாடகைக்கு விடுவான் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டதாலோ என்னவோ, வெர்னா மறுக்கவில்லை.

இரண்டு குளிர்காலம் அந்த இரண்டு பெண்களும் ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள். வீட்டைச் சூடாக்கும் எந்திரம் கெட்டுவிட்டது என்று என்னைப் பதினோரு முறை கூப்பிட்டார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. ஒருத்தி சூட்டைக் கூட்டி வைப்பாள், மற்றவர் குறைத்து வைப்பார். நான் போய்க் கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிப் பூசணி ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவேன்.

லைசென்ஸில் பகல் மட்டும் என்று எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில் கட்டடம் திறந்தது. வெர்னாவுக்கு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கட்டடம் ஒன்றும் அழகில்லை, கூழ் நிறத்தில் ஒரு பெட்டி. மாணவர்கள் பால்கனியில் கத்துகிறார்கள், ஃபிட்ச் இரண்டு முறை போலீசைக் கூப்பிட்டார். மூன்றாவது முறை அவருக்கு முன்னால் வெர்னாவே இரவு உடுப்போடு மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். காலையில் உங்கள் தட்டைக் கழுவப்போகிறவள் நான்தான் என்றாளாம். அதிலிருந்து அந்த மாடியில் சத்தமில்லை. ஃபிட்ச் ஒரு கொத்து ரோஜாவைக் கொடுத்தனுப்பினார், குறிப்பு எதுவும் இல்லாமல்.

போன ஜனவரியில் பெரிய பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வரும் சமையல்காரர்கள் ஒருவரும் வரவில்லை. கல்லூரி விடுதிகளில் இரண்டாயிரம் பேர் பசியோடு. நான் பாய்லரைப் பார்க்க ட்ராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெர்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், தோளில் பனி இன்னும் கரையவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தார். யாரையாவது வரவழைக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்போல.

"வெர்னா, ரோடு எப்படி இருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நான் நடந்து வந்தேன்."